மாநாட்டு அரங்குக்கு வெளியே: கொல்கத்தா செல்லும் நூலகருக்கு

சென்னை சென்ட்ரலில் கோரமண்டல் விரைவு வண்டி ஏறினால் கொல்கத்தாவை ஒட்டிய ஷாலிமார் நிலையம் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். முழுதாக ஒரு நாளைத் தாண்டும் பயணம். விஜயவாடாவில் கிருஷ்ணாவையும் ராஜமுந்திரியில் கோதாவரியையும் கடந்து, சிலிகா ஏரியின் ஓரமாக ஓடி, கட்டாக்கில் மகாநதியைத் தாண்டி வண்டி வங்கத்துக்குள் நுழைகிறது. நூலகத் துறை மாநாட்டுக்காக இந்த வழியில் போகும் தமிழ்நாட்டு நூலகர்களின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். தொடக்க விழா, கட்டுரை வாசிப்பு, மதிய உணவு, மறுபடியும் கட்டுரை வாசிப்பு, நிறைவு விழா, சான்றிதழ். கடைசியில் அரை நாள் மிஞ்சினால் விக்டோரியா நினைவகமும் காளிகாட்டும். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மாநாட்டுப் பயணத்தின் பெரும்பயன் அரங்கில் கிடைப்பதில்லை. மாநாடு நடக்கும் ஊரின் நூலகங்களைத் தொழில் தெரிந்த கண்ணோடு பார்ப்பதில்தான் கிடைக்கிறது. அரங்கை மையமாகவும் நூலகங்களை ஓய்வுநேரச் சுற்றுலாவாகவும் வைத்திருப்பதால், பயணச் செலவும் வீணாகிறது, நூலகரின் வளர்ச்சியும் தடைபடுகிறது.

மாநாடு என்ற வழக்கம் தோன்றிய காலத்தில் நிலைமை வேறாக இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1876 அக்டோபரில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 103 பேர் கூடினார்கள். அவர்களில் 13 பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில்தான் அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு லண்டனில் கூடிய மாநாட்டில் பிரிட்டனின் நூலகச் சங்கம் உருவானது. 1927-ல் எடின்பரோவில் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு தொடங்கியது. இந்தியாவில் 1933 செப்டம்பரில் கல்கத்தாவில் நடந்த முதல் அகில இந்திய நூலக மாநாடு இந்திய நூலகச் சங்கத்தைத் தந்தது. அந்தச் சங்கத்தின் முதல் தலைவர் எம்.ஓ. தாமஸ், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நூலகர், செயலாளர் கே.எம். அசதுல்லா, கல்கத்தா இம்பீரியல் நூலகத்தின் நூலகர். ஒரு நூலகத்தில் கண்டறிந்த முறை இன்னொரு நூலகத்துக்குப் போய்ச்சேர வேறு வழி இல்லாத காலம் அது. நூற்பட்டியல் அட்டையின் அளவு என்ன, ஆசிரியர் பெயரை எப்படிப் பதிவது என்பன போன்ற கேள்விகளுக்கு எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசித்தான் விடை காண முடிந்தது. அரங்கு அன்று உண்மையாகவே தொழிற்கூடமாக இருந்தது. இன்று அரங்கில் வாசிக்கப்படும் கட்டுரை பெரும்பாலும் முன்கூட்டியே அச்சாகியிருக்கிறது, கைப்பேசியில் கிடைக்கிறது. பத்து நிமிடத்தில் அவசரமாக வாசிக்கப்படும் அந்தக் கட்டுரையைக் கேட்பதற்கு மட்டும் ஒருவர் 1,660 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

பார்த்து அறிவது நூலகரை எப்படி மாற்றும் என்பதற்கு நம்மிடமே சிறந்த சான்று இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. கற்பிக்கும் பணிக்கே திரும்பிவிட எண்ணினார். அதே ஆண்டு அவர் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகவியல் பாடம் கேட்டார். ஆனால், பாடம் மட்டுமே அவரை மாற்றவில்லை. அவருடைய ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ், குராய்டன் பொது நூலகத்தின் நூலகர். குராய்டனில் தொடங்கி பிரிட்டன் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை ரங்கநாதன் நேரில் பார்த்தார். தொழிலாளர்கள், பெண்கள், குழந்தைகள் என எல்லோருக்கும் திறந்திருந்த பொது நூலகங்களைக் கண்டார்; ஒவ்வொரு நூலகமும் நூல்களை ஒவ்வொரு விதமாக அடுக்கியிருந்ததையும் கண்டார். அந்த வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் எழுந்த கேள்விகள்தான் கோலன் பகுப்புமுறைக்கு வித்து. 1925-ல் கப்பலில் திரும்பும்போதே அதற்கான வேலையைத் தொடங்கிவிட்டார். சென்னை வந்ததும் வாசகர்கள் அடுக்குகளுக்கே போய் நூலை எடுத்துப் பார்க்க வழி செய்தார். நூலக நேரத்தை நீட்டித்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம், 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1933-ல் கோலன் பகுப்புமுறை நூல், 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் என்று அந்தப் பயணத்தின் பலன் தொடர்ந்தது. நூலக வேலையை விட்டுவிட நினைத்த ஒருவரை அந்தத் துறையின் முன்னோடியாக ஆக்கியதில் பிற நூலகங்களைச் சுற்றிப் பார்த்ததற்குப் பெரும்பங்கு உண்டு.

கொல்கத்தா போகும் நூலகர் எதைப் பார்க்கலாம்? ஹூக்ளி ஆற்றை ஒட்டிய ஸ்டிராண்டு சாலையில் இருக்கும் மெட்காஃப் ஹாலிலிருந்து தொடங்கலாம். கிரேக்கக் கோயிலைப் போல் உயரமான தூண்கள் சூழ்ந்த கட்டடம் அது. 1836-ல் தொடங்கிய கல்கத்தா பொது நூலகம் 1844-ல் இங்கே குடியேறியது. வில்லியம் கோட்டைக் கல்லூரியின் 4,675 நூல்கள்தான் அதன் தொடக்க இருப்பில் முக்கியமான பங்கு. முந்நூறு ரூபாய் கட்டியவர் அதன் உரிமையாளர்களில் ஒருவர். அந்தப் பட்டியலின் முதல் பெயர் ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார் துவாரகநாத் தாகூர். அந்தக் காலத்து முந்நூறு ரூபாய் சிறிய தொகை அன்று. எனினும், ஏழை மாணவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமாகப் படிக்க இடமளித்தார்கள். மறுபுறம், 1891-ல் அரசுச் செயலக நூலகங்களை இணைத்து இம்பீரியல் நூலகம் உருவானது. அது உயர் அதிகாரிகளுக்கானது. பிறகு வைஸ்ராய் கர்சன் இரண்டையும் இணைத்து, 1903 ஜனவரி 30 அன்று இதே மெட்காஃப் ஹாலில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஒரே நூலகத்தின் வரலாற்றில் பணம் கட்டியவர், பதவியில் இருந்தவர், பொதுமக்கள் என்று மூன்று விதமான அனுமதிகள். நூலகத்துக்குள் யார் வரலாம் என்பதை நூல்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, உறுப்பினர் விதிதான் தீர்மானிக்கிறது என்பது இங்கே கண்முன் தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் கிளை நூலகர் தம் நூலகத்தின் உறுப்பினர் படிவத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். முகவரிச் சான்று காட்ட முடியாத கூலித் தொழிலாளியை அந்தப் படிவம் வெளியே நிறுத்துகிறதா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி எழுந்தாலே பயணத்தின் ஒரு பகுதி பலித்துவிட்டது.

அடுத்தது அலிப்பூர். விடுதலைக்குப்பின் 1948-ல் சட்டத்தின் வழியாக இம்பீரியல் நூலகம் தேசிய நூலகம் என்று பெயர் மாறியது. முன்பு வங்கத்தின் துணைநிலை ஆளுநர் குடியிருந்த பெல்வெடேர் மாளிகைக்கு அது இடம்பெயர்ந்தது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் அதைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். இப்போது வாசகர் பணி முழுவதும் அதே வளாகத்தின் பாஷா பவன் என்ற புதிய கட்டடத்தில் நடக்கிறது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட இந்த வளாகத்தில் தமிழ் நூலகர் தேடிப் போக வேண்டிய ஒன்று இருக்கிறது. அது எஸ். வையாபுரிப் பிள்ளையின் தொகுப்பு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்த அவர் 1956-ல் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏறத்தாழ 3,000 நூல்களும் ஓலைச்சுவடிகள் அடங்கிய கையெழுத்துப்படிகளும் இன்று கொல்கத்தாவில் இருக்கின்றன. அதே நூலகத்தில் அசுதோஷ் முகர்ஜி குடும்பத்தார் வழங்கிய 80,000-க்கும் மேற்பட்ட நூல்கள் தனித் தொகுப்பாகக் காக்கப்படுகின்றன. ஓர் அறிஞரின் நூல்களைப் பொது இருப்பில் கலந்துவிடாமல், அவர் பெயரிலேயே சேர்த்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய பணி என்பது அந்த அடுக்குகளின் முன் நின்றால் புரியும். ஒரு மனிதர் எந்த நூல்களை அருகருகே வைத்து யோசித்தார் என்பதும் ஆய்வுக்குரிய செய்திதான். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த தமிழ் நூல்கள் சிதறாமல் பிழைத்ததற்குச் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியதும், 1994-ல் சென்னையில் ஆய்வு நூலகம் உருவானதும் காரணம். அப்படி எவரும் வந்து வாங்காமல் கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போன தமிழாசிரியர்களின் வீட்டு நூலகங்கள் எத்தனையோ. ஒவ்வொரு வட்டாரத்திலும் அப்படி ஒரு தொகுப்பு இன்றும் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் இருக்கும். அதைத் தேடிப் போகும் ஊக்கத்தை அலிப்பூர் தரும்.

அலிப்பூரில் நெருங்கிப் பார்க்க வேண்டிய இன்னொன்று, இந்திய தேசிய நூற்பட்டியலின் தொடக்க ஆண்டு இதழ்கள். அதன் முதல் இதழ் 1958 ஆகஸ்டு 15 அன்று வெளிவந்தது. தேசிய நூலகராக இருந்த பி.எஸ். கேசவன் அதை முன்னின்று உருவாக்கினார். அதில் ஒரு தமிழ் நூலின் பதிவைப் பாருங்கள். நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் ரோமன் எழுத்தில், நெடிலுக்கும் ழகர றகரங்களுக்கும் மேலும் கீழும் குறிகளோடு அச்சாகியிருக்கும். பதிவு நிற்கும் இடத்தை டூயி பகுப்பெண் தீர்மானிக்கிறது. பதிவின் வலது கீழ்மூலையில் சீர்காழிக்காரரின் கோலன் எண் நிற்கிறது. இந்தியாவின் எல்லா மொழி நூல்களையும் ஒரே வரிசையில் அடுக்கிக் காட்ட அந்தத் தலைமுறை எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது அந்தச் சில வரிகளில் தெரியும். இந்தப் பட்டியல் ஒரு சட்டத்தை நம்பி நிற்கிறது. 1954-ம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் நூல் வெளியான 30 நாளுக்குள் தம் செலவில் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் ஐம்பது ரூபாய்வரை, அத்துடன் நூலின் விலை. அந்த அபராதம் எவரையும் அச்சுறுத்தாது. ஆகவே, இந்தச் சட்டம் நிறைவேறுவது பதிப்பாளரின் மனத்தையும் உள்ளூரில் அதை நினைவூட்டும் நூலகரையும் பொறுத்தது. மாவட்டத் தலைநகரில் தம் கவிதைத் தொகுப்பைத் தாமே அச்சிட்டு வெளியிடும் ஓர் ஆசிரியருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அவரிடம் சொல்லி நான்கு படிகளை அஞ்சலில் அனுப்பவைக்கும் நூலகர், அந்த நூலுக்கு நாட்டின் நான்கு மூலைகளில் இடம் வாங்கித் தருகிறார்.

தேசிய நூலகத்தோடு நின்றுவிட்டால் பெரியவற்றை மட்டுமே பார்த்ததாகும். ஹௌராவிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் உத்தர்பாரா. அங்கே ஹூக்ளிக் கரையில், ஜெயகிருஷ்ண முகர்ஜி என்ற ஜமீன்தார் 1859-ல் தம் சொந்தச் செலவில் ஏற்படுத்திய பொது நூலகம் இன்றும் இயங்குகிறது. அரசிடம் உதவி கேட்டுப் பார்த்தும் கிடைக்காமல் அவரே கட்டி முடித்தார். கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் அங்கே தங்கியிருந்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்க நூல்களையும் இதழ்களையும் ஆற்றங்கரையின் ஈரக்காற்றுக்கு நடுவே காப்பது எப்படி என்பதை அங்கே பணியாற்றுகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றோடு போராடும் நூலகருக்கு இதைவிடப் பயனுள்ள உரையாடல் இருக்க முடியாது. வங்கத்தில் ஊர்க்காரர்களே கூடி நூலகம் நடத்தும் மரபு பழையது. அவற்றில் பல பின்னாளில் அரசு நிதிக்குள் வந்தன. 1979-ல் வந்த மேற்கு வங்கப் பொது நூலகச் சட்டத்தில் நூலக வரி கிடையாது. நம்மிடம் சொத்து வரியில் ரூபாய்க்கு பத்து காசு நூலக வரியாக வருகிறது. உள்ளூர் நூலக ஆணைக்குழுக்கள் அதைக் கொண்டே 4,500-க்கும் மேற்பட்ட நூலகங்களை நடத்துகின்றன. நமக்கு உறுதியான வருமானம் இருக்கிறது. அவர்களுக்கு நூலகத்தைத் தம் சொத்தாகக் கருதும் தெருக்காரர்கள் இருக்கிறார்கள். தாகூர் 1928-ல் கல்கத்தாவில் கூடிய நூலக மாநாடு ஒன்றுக்கு எழுதிய உரையில், நூல்களைக் குவிப்பது நூலகத்துக்குப் பெருமை ஆகாது, வாசகரை விருந்தாளியாக வரவேற்பதே பெருமை என்ற கருத்தை வலியுறுத்தினார். வரிப்பணம் தவறாமல் வருகிற இடத்தில் வாசகர் வட்டம் பெயரளவில் நின்றுவிடும் ஆபத்து உண்டு. அதை உணர வரி இல்லாத மாநிலத்தின் நூலகத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

கடைசியாகக் கல்லூரித் தெரு. பிரெசிடென்சி பல்கலைக்கழகத்தையும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தையும் சுற்றிப் பழைய புத்தகக் கடைகளும் பதிப்பகங்களும் அடைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தெருவில் நூலகருக்கு ஒரு குறிப்பான வேலை இருக்கிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலும் வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் குடும்பத்தோடு இருக்கிறார்கள். குழந்தைகள் நம் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அந்தத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை மாலை நம் கிளை நூலகத்துக்குள் வந்தால் அவர் படிக்க என்ன இருக்கிறது? கல்லூரித் தெருவில் வங்க மொழிக் கதைப் புத்தகங்களும் குழந்தைகளுக்கான படநூல்களும் மலிவாகக் கிடைக்கும். எந்த ஆசிரியர்களை மக்கள் விரும்பிப் படிக்கிறார்கள் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து, ஓர் அடுக்கு அளவுக்காவது வங்க நூல்களை முறைப்படி வாங்கச் செய்தால், மாநாட்டுக்குப் போய்வந்ததன் பயன் அந்த ஊரில் நிலைத்து நிற்கும். கொல்கத்தாவின் தேசிய நூலகம் தமிழுக்கு என்று ஒரு பிரிவு வைத்திருக்கும்போது, வங்கத் தொழிலாளர் வாழும் தமிழ்நாட்டு ஊரில் ஒரு வங்க அடுக்கு இருப்பதுதான் முறை.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, இணையம் இருக்கும்போது பயணம் எதற்கு என்பது. மாநாட்டுக் கட்டுரைகளைப் பொறுத்தவரை இந்த மறுப்பு முழுக்கச் சரி. அவற்றை ஊரிலிருந்தே படிக்கலாம். ஆனால், நூலகத்தைத் திரையில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. இணையப் பக்கம் ஒரு நூலகம் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவதை மட்டும் சொல்கிறது. வாசலிலிருந்து நூல் கையில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, படிக்கும் மேசையில் வயதானவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், மழைக்காலத்தில் எந்த அடுக்கை நகர்த்துகிறார்கள், கோஹா என்ற நூலக மென்பொருள் மின்வெட்டில் நின்றுபோனால் நூல் வழங்கலை எப்படித் தொடர்கிறார்கள் என்பவை எந்தப் பக்கத்திலும் இருக்காது. கட்டுரைகள் பெரும்பாலும் வெற்றியையே பேசுகின்றன. பலிக்காமல் போன முயற்சியை வழங்கல் மேசையில் உட்கார்ந்திருக்கும் சக பணியாளர்தான் மனம் திறந்து சொல்வார். அதைத் தெரிந்துகொள்வதுதான் நம் பணத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தும்.

இரண்டாவது மறுப்பு பணம். நூல் வாங்கவே நிதி போதாதபோது பயணப்படி கொடுப்பது சரியா? இது நேர்மையான கேள்வி. ஆனால், வாங்கிய நூல்கள் எல்லாம் வாசகரிடம் போகின்றனவா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பல கிளை நூலகங்களில் ஒருமுறைகூட வழங்கப்படாத நூல்கள் அடுக்கை அடைத்துக்கொண்டிருக்கின்றன. வாசகருக்கு என்ன வேண்டும் என்று அறிந்து தேர்ந்தெடுக்கும் திறனை நூலகரிடம் வளர்க்காமல் நூல்களை மட்டும் வாங்கிக் குவிப்பதும் செலவுதான். மேலும், எல்லோரையும் எல்லா மாநாட்டுக்கும் அனுப்பச் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒருவர் போனால் போதும். ஆனால், அவர் பார்த்துவந்ததை மற்ற எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பொது நூலகங்களுக்கு உதவுவதற்காகவே 1972-ல் மத்திய அரசு ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையை ஏற்படுத்தியது. அதன் தலைமையகமும் கொல்கத்தாவில்தான் இருக்கிறது. கருத்தரங்குகளுக்கும் பயிற்சிகளுக்கும் நிதியுதவித் திட்டங்கள் அதனிடம் உள்ளன. மாநாட்டுக்குப் போகும் நூலகர் அந்த அலுவலகப் படியேறி, தம் நூலகம் எந்தெந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டுவந்தால், பயணச் செலவைவிடப் பல மடங்கு ஊருக்குத் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு, நூலகம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி ஊர் சுற்றிவிட்டு வருவார்கள் என்பது. அப்படி நடப்பதுண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால், இன்றைய முறை அதைத் தடுத்துவிட்டதா? சான்றிதழைக் காட்டினால் பதவி உயர்வுக்கு மதிப்பெண் கிடைக்கும் என்ற நிலையில், அரங்கில் உட்கார்ந்தாரா, உட்கார்ந்து எதைக் கற்றார் என்று எவரும் கேட்பதில்லை. நூலகப் பார்வையை அதிகாரபூர்வமான பணியாக்கினால் அதற்குக் கணக்குக் கேட்க முடியும். போவதற்கு முன் தம் நூலகத்தின் குறைகளிலிருந்து எழுந்த கேள்விகளை எழுதிக் கொடுக்க வேண்டும்; வந்த ஒரு மாதத்துக்குள் அவற்றுக்குக் கிடைத்த விடைகளையும், அவற்றில் எதை நடைமுறைப்படுத்தப் போகிறார் என்பதையும் எழுதித் தர வேண்டும். சான்றிதழைவிட அந்த அறிக்கைக்குத்தான் மதிப்பெண் தரப்பட வேண்டும்.

நான்காவது மறுப்புதான் கனமானது. ஊர்ப்புற நூலகருக்கு ஏது அதிகாரம்? அவர் தேசிய நூலகத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறார்? நூல் கொள்முதலும் பணி நேரமும் மேலிடத்தில் முடிவாகின்றன என்பது உண்மை. ஆயினும் அடுக்கும் முறை, குழந்தைகளுக்கான இடம், உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களைத் தொகுப்பது, வாசகர் வட்டத்தைக் கூட்டுவது, பள்ளிகளோடு தொடர்பு வைப்பது ஆகியவை இன்றும் அவர் கையில்தான் இருக்கின்றன. பெரிய மாற்றங்கள் சிறிய ஊர்களில் தொடங்கியதற்கும் வரலாறு உண்டு. 1931-ல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. 1935-ல் ஆந்திரத்தின் கிருஷ்ணா கால்வாயில் படகில் நூலகம் நடத்தினார்கள். கொல்கத்தா செல்லும் வண்டி விஜயவாடாவில் நிற்கிறது. ஆந்திர நூலக இயக்கம் 1914-ல் அமைப்பாகத் திரண்ட ஊர் அது. திரும்பும் வழியில் அங்கே ஒரு நாள் இறங்கினால், பெரிய நகரத்தின் நூலகத்துக்கும் தம் ஊர் நூலகத்துக்கும் நடுவே இருக்கும் அளவையும் பார்த்துவிடலாம். நூலகத்தில் வாசகரை நேருக்கு நேர் சந்திப்பவர் ஊர்ப்புற நூலகர்தான். பார்த்துவந்ததை மறுநாளே செய்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு உண்டு. கோப்புகளோடு மட்டும் இருக்கும் அதிகாரிக்கு அது இல்லை. இன்று மாநாட்டுக்குப் பெரும்பாலும் கல்லூரி நூலகர்களும் அதிகாரிகளும் போகிறார்கள். முதலில் போக வேண்டியவர் ஊர்ப்புற நூலகர்.

அரங்கே வேண்டாம் என்பது இதன் பொருள் ஆகாது. ஊதியம், பணி நிரந்தரம், சட்டத் திருத்தம் போன்றவற்றில் தொழிலின் குரல் ஒன்றாக எழ சங்கமும் கூட்டமும் வேண்டும். தேநீர் இடைவேளையில் பிற மாநிலத்தவரோடு ஏற்படும் பழக்கம் பல ஆண்டுகளுக்கு உதவும். ஆனால், மாநாட்டு நாட்களில் சரிபாதி அந்த ஊரின் நூலகங்களுக்குள் கழிய வேண்டும். மாநாட்டை நடத்துபவர்கள் கட்டுரைகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அரங்கில் விவாதத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்கலாம். மீந்த நேரத்தில் பிரதிநிதிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைத் தேசிய நூலகத்துக்கும் ஒரு குழுவை ஊர் நூலகத்துக்கும் அனுப்பலாம். அங்கே பணியாற்றுகிறவர்களை விளக்கம் சொல்ல வைக்கலாம். இதே ஏற்பாட்டைச் சென்னையில் மாநாடு நடக்கும்போது நாமும் செய்ய வேண்டும். வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வரும் நூலகருக்குக் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மட்டுமன்றி, நூலக வரியில் நடக்கும் ஒரு கிராமத்து நூலகத்தையும் காட்ட வேண்டும். அவர்கள் ஊரில் இல்லாத ஒன்று அது.

உள்ளூர் நூலக ஆணைக்குழுக்களுக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கும் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள் இதுதான்: ஆண்டுக்கு ஒரு பயணத்துக்காவது நிதி ஒதுக்குங்கள், அதில் ஊர்ப்புற நூலகர்களுக்கு முதலிடம் கொடுங்கள், அறிக்கை கேளுங்கள், அறிக்கையில் சொன்னதைச் செய்ய அனுமதி கொடுங்கள். நூலகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மாநாட்டு அழைப்பிதழ் மேசைக்கு வந்ததும் நிகழ்ச்சி நிரலுக்கு முன் அந்த நகரத்து நூலகங்களின் பட்டியலைத் தயாரியுங்கள். அந்த நூலகங்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.